சித்தப்பா மீன் தேடிய ஏரி

உங்களில் அநேகம் பேருக்கு என்னைப்போல இப்போது வாசிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். முழங்காலும் சொல் கேட்காது. சாமத்தியவீடு, கலியாணம் என்று மண்டபங்களில் சந்திக்கும்போது யாராவது ஒருவர் நாங்கள் வந்து சேர்ந்த காலத்தைத் தொடக்கிவிடுவார். பால் என்று நினைத்து மோர் வாங்கியது, பூனைச் சாப்பாட்டு டின்னை மீன் டின் என்று திறந்தது என்று கதைகள் வரிசையாக வரும். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். போன மாதம் ஒரு கலியாணத்தில் பக்கத்தில் இருந்தவர், "நீங்கள் ஏரிக்கரையில இருந்த ஆக்கள்தானே, நல்ல மீன் சாப்பிட்டிருப்பியள்" என்றார். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். சிரிக்க ஒன்றுமில்லை, முதலே சொல்லிவிட்டேன்.

எங்களைப் போட்டிருந்த ஹைம், அகதிகள் தங்குமிடம், முன்பு கோடைகாலத்தில் வந்து தங்குபவர்களுக்கான விடுதியாக இருந்தது. ஜெர்மனியின் தெற்கே, பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஒரு சின்ன ஊர். சாப்பாட்டு அறைச் சுவரில் பல்லைக் காட்டியபடி ஒரு பெரிய மீனைப் பாடம்பண்ணி மாட்டியிருந்தார்கள். அதன் ஒரு கண்ணாடிக் கண் கழன்று போயிருந்தது. யாரோ ஒருவர் அந்தக் குழிக்குள் சூயிங்கம் ஒட்டிவைத்திருந்தார். மாடியில் ஏரியைப் பார்த்த ஒரே அறையில் அப்பா, அம்மா, நான், குறுக்கே கட்டிய படுக்கை விரிப்புக்கு மறுபுறம் சித்தப்பா. ஈரக் கம்பளி வாசமும் பக்கத்து அறைக்காரரின் முட்டைக்கோவா வாசமும் எங்கள் வெங்காய வாசமும் சேர்ந்த அந்த மணம் என் பள்ளிக்கூடப் பைக்குள்ளும் இருந்தது. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை அதை மறைக்காமல் சொன்னது.

சித்தப்பா என்றால் அப்பாவின் கடைசித் தம்பி. இருபது வயது கடந்திருக்காது. எங்களோடு ஒரே விமானத்தில் வந்து ஒரே நாளில் அசூல் என்கிற அகதித் தஞ்சம் கேட்டவர். எங்களுக்கு இன்னும் பதில் வராமலிருந்தபோது, மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே அவருக்கு மாத்திரம் இல்லை என்று வந்துவிட்டது. தனி ஆம்பிளை, பிள்ளை குட்டி இல்லை, அதனால்தான் என்றார்கள் சிலர். தேவாலயத்துக்காரர் ஒரு வக்கீலைப் பிடித்துத் தந்தார். வக்கீல் மேன்முறையீடு போட்டார். ஈஸ்டருக்குப் பிறகு நகரத்துக் கோர்ட்டில் டெர்மின், விசாரணைத் தவணை. சித்தப்பாவை இந்த நாட்டில் இருக்க விடுவார்களா மாட்டார்களா என்பதைத் தவிர அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் அறையில் வேறு கதையில்லை. நான் கணக்குச் செய்யும்போதும் அதைத்தான் கதைத்தார்கள், எனக்குத் தலைவாரும்போதும் அதைத்தான் கதைத்தார்கள்.

அப்பா சட்டங்கள் போட்டார். வழக்கு முடியும்வரை சித்தப்பா டிக்கெட் இல்லாமல் பஸ் ஏறக் கூடாது, மாவட்ட எல்லை தாண்டக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. கடைசிச் சட்டத்துக்குத் தேவையே இருக்கவில்லை. சித்தப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வேலை செய்ய அனுமதியில்லை, படிக்க அனுமதியில்லை, போவதற்கு ஒரு இடமில்லை. தாடி வளர்ந்தது. அம்மா தட்டில் போட்டு வைத்த சோறு காய்ந்துபோய்க் கிடக்கும். நான் விரிப்பை விலக்கிப் பார்த்தால் கண் திறந்தபடிதான் இருப்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஊரில் என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டு திரிந்தவர் இவர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

மாசி பிறந்தபோது ஏரி சத்தம் போடத் தொடங்கியது. பகலில் வெயில் ஏறியதும் பனிக்கட்டிக்குள்ளே எங்கோ ஒரு பெரிய கதவைத் திறப்பது போலக் கேட்கும். சித்தப்பா அந்தச் சத்தத்துக்குத்தான் முதன்முதலில் கட்டிலை விட்டு எழும்பி யன்னலடிக்கு வந்தார். மரத் துறைமேடையைச் சுற்றி ஒரு பாய் அளவுக்குத் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவிடம், "மச்சாள், ஊசியும் தங்கூசியும் எங்கயாவது கிடக்குதோ?" என்று கேட்டார். தங்கூசி என்பது தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் இழை. அம்மாவிடம் அது எப்படி இருக்கும்? ஆனால் சித்தப்பா வாய் திறந்து ஒன்று கேட்டாரே என்ற சந்தோஷத்தில் அம்மா அறை முழுவதையும் கிண்டிப் பார்த்தார். கடைசியில் விடுதியின் கீழ் அறையில், உடைந்த வள்ளத் துடுப்புகளுக்கு அடியில், யாரோ விட்டுப்போன ஒரு இழைச் சுருளும் துருப்பிடித்த தூண்டில்களும் கிடைத்தன. மிதப்புக்கு ஒரு வைன் போத்தல் தக்கை. உதவிப் பெட்டியில் வந்த நகப்பூச்சை அம்மா ஒருநாளும் பூசிக்கொண்டதில்லை. அதைத் தக்கைக்குப் பூசிச் சிவப்பாக்கிக் கொடுத்தார்.

அந்தத் தக்கையை நான் பிறகு எத்தனையோ வருடம் வைத்திருந்தேன். வீடு மாறியதில் எங்கேயோ தொலைந்துவிட்டது.

சித்தப்பா மீன்பிடிகாரர் இல்லை. ஊரில் சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்த காலத்தில் பண்ணைப் பாலத்தடியில் சினேகிதர்களோடு தூண்டில் போட்டுத் திரிந்தவர், அவ்வளவுதான். அங்கே வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும். விடியப்புறம் போக வேண்டும், அல்லது பொழுதுபட. நிழலும் குளிர்மையும் தேடித்தான் தூண்டில் போடவேண்டும். அதையே இங்கேயும் செய்தார். விடியற்காலையில், மூக்கில் உள்ள ஈரம் உறைகிற குளிரில், துறைமேடையின் நுனியில் ஆழமான இடமாகப் பார்த்துப் போட்டார். ஒரு மீனும் அசையவில்லை. நாள்நாளாக விறைத்த கையோடு திரும்பி வந்து ஹீட்டரில் கையை ஒட்டிவைத்துக்கொண்டு, இந்தக் குளத்தில் மீனே இல்லை, வெள்ளைக்காரர் முழுவதையும் பிடித்துப் பாடம்பண்ணிச் சுவரில் மாட்டிவிட்டார்கள் என்பார். அவர் பகிடி விட்டது அம்மாவுக்கு மீன் கிடைத்தது போல இருந்தது.

மீனை முதலில் கண்டது நான். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற பாதை ஏரியின் வடகரையைச் சுற்றி வரும். அங்கே ஒரு சின்னக் குடா தெற்கு வெயிலைப் பார்த்தபடி இருந்தது. பின்னால் மரங்கள் காற்றை மறித்தன. ஒரு வாய்க்கால் வந்து விழும் இடம். மற்ற இடமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தபோது அங்கே மாத்திரம் நாணல் ஓரமாகப் பனிக்கட்டி கரைந்து தண்ணீர் திறந்திருந்தது. அடியில் கறுப்புச் சேறு. மத்தியான வெயில் அதற்குள் இறங்கியிருந்தது. நான் குனிந்து பார்த்தபோது நெருப்புக்குச்சி அளவில் சின்ன மீன்கள் கூட்டமாக நின்றன. அசையவேயில்லை, வெயில் காய்ந்துகொண்டு நின்றன.

சொன்னபோது சித்தப்பா நம்பவில்லை. அரை அடித் தண்ணீரில், அதுவும் உச்சி வெயிலில் எந்த மீன் வந்து நிற்கும் என்றார். ஆனாலும் வந்தார். சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார், குழந்தை குளிப்பாட்டும் தண்ணீரைப் பார்ப்பது போல. பிறகு என் கையைப் பிடித்து முதலில் துறைமேடையடித் தண்ணீரில் வைத்தார், திரும்ப ஓடிவந்து குடாவில் வைத்தார். இரண்டும் எலும்பு வரை குளிர்ந்தன. ஆனால் இரண்டாவது கொஞ்சம் இளகின குளிர். சித்தப்பா குந்தியிருந்து யோசித்தார்.

"எடி பிள்ளை, இஞ்ச எல்லாம் மாறி நடக்குது," என்றார். "அங்க மீன் வெயிலுக்கு ஒளிக்கும். இஞ்ச அதுகளும் எங்களைப்போல வெயிலைத் தேடித் திரியுதுகள்."

அதற்குப் பிறகு அவர் விடியப்புறம் போவதை விட்டார். மத்தியானம் திரும்பிய பிறகு, சேறு சூட்டை வாங்கிவிட்ட நேரமாகப் பார்த்துப் போவார். சமையலறைக் கழிவு கொட்டும் குவியலுக்குள் குளிர்காலத்திலும் புழு உயிரோடு இருந்தது, அதைக் கிண்டி எடுப்பது என் வேலை. தக்கைக்குக் கீழே இழையை ஒரு முழத்துக்குமேல் விடக் கூடாது. சின்ன மீன் வெயிலுக்கு வரும், அதைத் தின்னப் பெரியது பின்னால் வந்து நாணல் தடிகளுக்குள் நிற்கும். அந்தத் தடிகளை உரசிக்கொண்டு புழு மெல்ல இறங்க வேண்டும். தெற்குக் காற்று அடித்த நாளில் மீன் கரையோடு வரும். இரவில் கடும்பனி விழுந்தால் அடுத்தநாள் குடா வெறிச்சென்றிருக்கும். அப்போது அவை ஆழம் தொடங்குகிற விளிம்புக்குப் பின்வாங்கிவிட்டன என்று கண்டுபிடித்தார். அந்த விளிம்பு பனிக்கட்டிக்குக் கீழே இருந்தது. சித்தப்பா பனிக்கட்டியில் ஏறி நடந்துபோய், அது முடியும் ஓரத்தில் நின்று தூண்டிலைத் தண்ணீருக்குள் விட்டார். நானும் புழு டின்னோடு பின்னால் போனேன்.

தை மாதத்தில் அந்தப் பனிக்கட்டியில் ஒரு கார் ஓடியதை நாங்கள் கண்ணால் கண்டிருந்தோம். கார் ஓடிய இடத்தில் ஆள் நடக்க என்ன என்பது சித்தப்பாவின் கணக்கு. பார்வைக்கு அது அப்படியேதான் இருந்தது. அடியிலிருந்து உளுத்துக்கொண்டு வருமென்று வெயில் நாட்டிலிருந்து வந்த எங்களுக்கு யார் சொல்வது?

முதல் மீன் உள்ளங்கையை விடப் பெரியது. பச்சை உடம்பில் குறுக்கே கறுப்புப் பட்டைகள், அடிச் செட்டை செம்பரத்தம்பூ நிறம், முதுகில் முள். பார்ஷ் என்று பெயர் என்பதைப் பள்ளிக்கூடப் படத்தில் பார்த்துச் சொன்னேன். அம்மா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊர்க் கடல் ஒராவும் இல்லை, மணலையும் இல்லை, ஆனால் மீன்தான் என்று முடிவு சொன்னார். ஐந்தாறு சேர்ந்த அன்று குழம்பு வைத்தார். புளி இல்லாததால் தேசிக்காய், தேங்காய்க்குக் கேக்கில் போடுகிற உலர்ந்த தேங்காய்ப்பூ. குழம்பு இனித்தது. அப்படி ஒரு குழம்பை ஊரில் யாராவது வைத்திருந்தால் அம்மாவே வாய்க்கு வந்தபடி பழித்திருப்பார். அன்று சித்தப்பா இரண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டியைக் கழுவினார். அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? துறைமேடையில் மீன் படத்துக்குக் குறுக்கே கோடு போட்ட பலகை ஒன்று இருந்தது. அனுமதிச் சீட்டு இல்லாதவர் மீன் பிடிக்கக் கூடாது என்று நான்தான் வாசித்துச் சொன்னேன். அது கோடைக்கு வருகிற ஆட்களுக்கு என்றார் சித்தப்பா. அப்பா முதலில் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். வழக்கு இருக்கும்போது இதென்ன விளையாட்டு என்று கத்தினார். பிறகு யாரும் கண்டார்களா என்று கேட்டார். இல்லை என்றதும் கோப்பையை இழுத்து, முள்ளை நாக்கால் பிரித்து, தலையையும் விடாமல் சாப்பிட்டார். அதற்குப் பிறகு தினமும், அன்று எத்தனை என்று கேட்பது அவர்தான்.

அந்த நல்ல காலம் மாசியோடு முடிந்தது. ஒருநாள் பின்னேரம் நாங்கள் பனிக்கட்டி ஓரத்தில் நின்றபோது அக்கரையில் ஒருவர் தென்பட்டார். பச்சைக் கோட்டும் நீண்ட சப்பாத்தும் போட்டு, தூண்டிலோடு அடிக்கடி அங்கே காணும் வயதானவர். இரண்டு கையையும் தூக்கி வீசி ஏதோ கத்தினார். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் ஒரு சொல்லும் கேட்கவில்லை. சித்தப்பாவும் கையை ஆட்டினார். பிறகு, "கிழடு பார்த்திட்டுது, வா போவம்," என்று தூண்டிலைச் சுருட்டினார்.

அடுத்தநாள் காலை பொலிஸ்காரர் வந்தார். நான் பள்ளிக்கூடத்தில். அப்பா நகரசபைக்காரர் கொடுத்த கூட்டித் துடைக்கும் வேலையில். கதவைத் திறந்தது அம்மா. சித்தப்பா விரிப்புக்குப் பின்னால் இருந்தார். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி, வணக்கம் சொல்லி, ஏதோ விளங்கப்படுத்தினாராம். யன்னலால் ஏரியைக் காட்டித் தலையை ஆட்டினாராம். இளம் ஆள் எங்கே என்று கேட்டது மாத்திரம் அம்மாவுக்கு விளங்கியது. அம்மாவிடம் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ஊரில் எங்கள் ஒழுங்கையில் ஆமி ஜீப் வந்து நின்ற அன்று, பக்கத்து வீட்டு அன்ரி ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னார். பிள்ளை உள்ளேதான் படித்துக்கொண்டிருக்கிறான் என்று. அந்தப் பிள்ளையை அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. அம்மா பொலிஸ்காரருக்கு, ஆள் இங்கே இல்லை என்று தெரிந்த ஜெர்மனில் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மத்தியானம் நான் வந்தபோது சித்தப்பாவின் பை கட்டி முடிந்திருந்தது. அப்பா இடையில் வந்து, அடுத்த ஊர் ஹைமில் இருந்த ஒரு அண்ணையோடு தொலைபேசியில் கதைத்து முடித்திருந்தார். பிரான்சு எல்லையால் ஆட்களை அனுப்புகிறவர் அவர். பஸ் வர கொஞ்ச நேரம்தான் இருந்தது.

சித்தப்பாவுக்குப் போக விருப்பமில்லை. அதை அவர் மறைக்கவில்லை.

"அண்ணை, ஒரு மீனுக்கு ஆரும் ஆளைப் பிடிப்பினமோ?" என்றார்.

"ஊரில என்னத்துக்குப் பிடிச்சவங்கள்?" என்றார் அப்பா. "ஒண்டும் செய்யாததுகளைத்தானே பிடிச்சவங்கள். நீ செய்துபோட்டு நிக்கிறாய். வழக்கில இதையும் சேர்த்தால் கையில விலங்கோட பிளேனில ஏத்துவாங்கள். வெளிக்கிடு."

சித்தப்பா யன்னலைப் பார்த்தார். வெளியே நல்ல வெயில். இன்றைக்கு மீன் கரையோடு நிற்கும் என்று எனக்கு மாத்திரம் கேட்கிற மாதிரிச் சொன்னார். அம்மா ஒரு சோற்றுப் பார்சலைப் பைக்குள் திணித்தார். பஸ் வந்தது.

அந்த அறையில் எங்கள் நாலு பேரில் ஜெர்மன் பாஷை ஒழுங்காகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கடைக்கும் வைத்தியரிடமும் ஒஃபீசுக்கும் என்னைத்தான் கையில் பிடித்துக் கொண்டுபோவார்கள். பொலிஸ் நிலையம் தேவாலயத்துக்குப் பக்கத்துக் கட்டிடம், நடந்து போகிற தூரம். அன்று பகல் என்னை அனுப்பிக் கேட்டுப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சீருடைக்காரரிடம் போய்க் கேள்வி கேட்கலாம் என்பது எங்கள் ஆட்களின் அறிவிலேயே இருக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் கிழமை முடிவதற்குள் பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் குடாவடியில் இருவரைக் கண்டேன். பொலிஸ்காரர் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க, பச்சைக் கோட்டுக்காரர் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். பனிக்கட்டி தாங்காது, உயிராபத்து என்று பலகையில் எழுதியிருந்தது. கிழவர் என்னை அடையாளம் கண்டு சுத்தியலைக் கீழே வைத்தார். அந்தப் பெடியன் எங்கே, உன்னையும் கூட்டிக்கொண்டு அவன் அங்கே நின்றதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது, கத்தினேனே, கேட்கவில்லையா என்று ஏசினார். பொலிஸ்காரர், நான் வீட்டுக்கு வந்து உன் தாயிடம் சொன்னேனே, சொல்லவில்லையா என்று கேட்டார்.

நான் மீனைப் பற்றிக் கேட்டேன். கிழவர் பொலிஸ்காரரைப் பார்த்தார், பொலிஸ்காரர் மரத்தைப் பார்த்தார். மீன்பிடிச் சங்கத்துக்காரர் கண்டால் சத்தம் போடுவார்கள், அடுத்த முறை சீட்டு எடுக்கச் சொல்லு என்றார் கிழவர். பிறகு, ஆனால் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தான், இந்த மாதத்தில் இந்த ஏரியில் அந்த ஒரு மூலைதான் என்றார்.

ஓடிவந்து சொன்னேன். அப்பா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். என்னை நம்பவில்லை. கையைக்கூடக் கழுவாமல் கோட்டைப் போட்டுக்கொண்டு, என்னை இழுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். முதல் தடவையாகத் தானாக அந்த வாசலை மிதித்தார். வழக்கு ஒன்றும் இல்லையா என்று கேள் என்றார். கேட்டேன். என்ன வழக்கு என்று பொலிஸ்காரர் என்னைத் திருப்பிக் கேட்டார். எனக்கு ஒரு இனிப்பும் தந்தார். திரும்பி வரும்போது அப்பா பாதையோரம் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். அறைக்கு வந்ததும் அம்மா, அப்ப தம்பியைத் திரும்பக் கூப்பிடுங்கோ என்றார். எங்கே என்று கூப்பிடுவது? எல்லை தாண்டியவரிடமிருந்து அதுவரை ஒரு தகவலும் வரவில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டிச் சொல்ல எனக்கு ஏலாது. ஈஸ்டருக்குப் பிறகு கோர்ட்டில் சித்தப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை, மேன்முறையீடு தள்ளுபடி. அதே நாளில் அதே கோர்ட்டில் இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் எத்தனையோ பேர். ஒருவரையும் பிளேனில் ஏற்றவில்லை. தற்காலிகச் சீட்டுக் கொடுத்து, பிறகு அதை நீட்டி, பிறகு வதிவிடம் கொடுத்தார்கள். இன்று உங்களோடு மண்டபங்களில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். சித்தப்பா பாரிஸில் ஒரு அறையில் பத்துப் பேரோடு படுத்து, சீட்டு இல்லாமல் அலைந்து களைத்து, ஒப்பந்தம் எழுதி ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்ன அந்த ஆவணியில் திரும்பிப் போனார். சமாதானம் ஐப்பசி வரைக்கும்தான் இருந்தது. சண்டை மறுபடி தொடங்கி, ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் கொண்டுபோனார்கள். இன்றுவரை எலும்பும் இல்லை, சாம்பலும் இல்லை.

இதுவரை சொன்னது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். இனிச் சொல்வது அப்பா போய்ச் சேர்ந்துவிட்டதால் இப்போது எனக்கும் அம்மாவுக்கும் மாத்திரம் தெரிந்தது.

கோர்ட் டெர்மினுக்கு முந்தின ஞாயிறு பகல் ஹைமின் கீழ்த்தளத் தொலைபேசி அடித்தது. வாசலில் நின்ற நான்தான் எடுத்தேன். சித்தப்பா. கத்தி அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா படியால் இறங்கி வரும்வரை சித்தப்பா, நான் சாப்பிட்டேனா, பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டார். பொலிஸ் பிடிக்க வரவில்லை என்று நான் சொல்ல வாய் எடுப்பதற்குள் அப்பா வந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார். அந்தத் தொலைபேசிக்குச் சத்தம் அதிகம். பக்கத்தில் நின்றால் மறுபக்கம் தெளிவாகக் கேட்கும்.

"அண்ணை, இஞ்ச எனக்கு ஏலாது," என்றார் சித்தப்பா. "வழக்குக்கு நான் திரும்பி வரட்டோ? வந்த வழியால கூட்டிக்கொண்டு வந்து விடுறன் எண்டு ஒரு ஆள் சொல்லுது. நீங்கள் சொன்னால் இண்டைக்கே வெளிக்கிடுவன்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா நடுப்படியில் வந்து நின்றுவிட்டார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பொலிஸ்காரர் உன்னைக் காப்பாற்ற வந்தவர், நாங்கள்தான் உன்னை ஒன்றுமில்லாததற்கு அனுப்பிவிட்டோம் என்று ஒரு தம்பியிடம் சொல்ல என்ன வேண்டும்? அவருக்காக நான் பல நியாயங்கள் தேடிப் பார்த்திருக்கிறேன். எல்லையில் பிடிபட்டுவிடுவான் என்று பயந்திருக்கலாம். இல்லை, தம்பியின் முகத்தில் திரும்ப முழிக்கிற தைரியம் அவருக்கு வரவில்லை. நான் நம்புவது அதைத்தான்.

"வராத," என்றார் அப்பா. "அவங்கள் திரும்பவும் வந்து தேடினவங்கள். நீ போனது நல்லதாப் போச்சு."

"ஓம் அண்ணை," என்றார் சித்தப்பா. "நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரிதான். நான்தான் விளங்காமல் உங்களோட மல்லுக்கட்டினனான்."

அப்பா ரிசீவரை வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல் படியேறினார். அம்மா சுவரோடு ஒதுங்கி அவருக்கு வழி விட்டார்.